நாலரை மீட்டர் நாடா: கொங்குப் பக்கம் கிடைக்கும் ஹேண்ட் ராப்களில் எது கையைக் காக்கிறது

பாக்ஸிங் கிளாஸில் புதிதாகச் சேர்ந்த பையனோ பெண்ணோ கோவை காந்திபுரத்தில் ஒரு விளையாட்டுப் பொருள் கடையில் ஏறினால் கண் முதலில் போவது கொக்கியில் தொங்கும் கிளவுஸ் மேல்தான். இரண்டாயிரம், மூவாயிரம் கொடுத்துப் பளபளவென்று ஒரு ஜோடி எடுத்துக்கொள்வார்கள். பில் போடும்போதுதான் நினைவு வரும்: "ஹேண்ட் ராப் ஒண்ணு சேர்த்துக் குடுங்க, எதா இருந்தாலும் பரவாயில்லைங்க." அந்த 'எதா இருந்தாலும்'தான் ஆறு வாரம் கழித்துச் சுண்டுவிரல் முட்டியில் வீக்கமாக வந்து நிற்கிறது.

இந்த விமர்சனம் அந்தக் கடைசி நிமிடப் பொருளை, கிளவுஸ் மாட்டும் முன் கையில் சுற்றிக்கொள்ளும் நாடாவைப் பற்றி மட்டும். கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் கைக்கு எட்டுகிற ஐந்து வகைகளை எடுத்துக்கொண்டோம்: மூன்று மீட்டர் சாதாக் காட்டன் ராப், நாலரை மீட்டர் செமி எலாஸ்டிக் ராப், ஜெல் வைத்த இன்னர் கிளவுஸ், மெடிக்கலில் விற்கும் கிரேப் பேண்டேஜ், திருப்பூரில் நாடா வாங்கித் தைத்துக்கொள்ளும் ராப். போட்டிக்கு இறங்கும் எண்ணம் இருப்பவர்களுக்குப் பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம்: நாலரை மீட்டர் செமி எலாஸ்டிக், இரண்டு ஜோடி. ஒரு ஜோடி ஏன் போதாது என்பது துவைக்கும் பேச்சு வரும்போது புரியும்.

ராப் என்றால் கைக்கு மெத்தை என்று நினைப்பதில்தான் பாதித் தப்பு தொடங்குகிறது. மெத்தை வேலை கிளவுஸுடையது. ராப்பின் வேலை கட்டுவது. ஒரு கையில் 27 எலும்புகள்: மணிக்கட்டில் 8, உள்ளங்கையில் 5, விரல்களில் 14. உள்ளங்கை எலும்புகளில் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் உரிய இரண்டும் மணிக்கட்டோடு அசையாமல் பூட்டிக் கிடக்கும். மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் உரியவை ஆடும். சந்தேகம் இருந்தால் கையை லேசாக மூடிக்கொண்டு, மறு கையால் சுண்டுவிரல் முட்டியைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள், நன்றாகவே நகரும். நடுவிரல் முட்டி அப்படி நகராது. குத்து முன்னிரண்டு முட்டியில் விழுந்தால் விசை நேராக முன்கைக்குள் போய்விடும். ஹூக் என்னும் பக்கவாட்டுக் குத்து வீசும்போது தவறிச் சுண்டுவிரல் பக்கம் விழுந்தால், அந்த எலும்பு முட்டிக்குச் சற்றுக் கீழே, கழுத்துப் பகுதியில் ஒடிகிறது. எலும்பு மருத்துவர்களே இதை 'பாக்ஸர் முறிவு' என்றுதான் சொல்கிறார்கள்.

குத்து படுகிற நொடியில் இந்த ஐந்து எலும்பும் விசிறிபோல விரியப் பார்க்கும், மணிக்கட்டு மடியப் பார்க்கும். சோளத்தட்டுக் கட்டை நடுவில் ஒரு கயிறு மட்டும் போட்டுத் தூக்கினால் இரண்டு முனையும் விரிந்துகொள்ளும் அல்லவா, அதே கதைதான். முட்டிப் பக்கம் ஒரு பிடி, மணிக்கட்டுப் பக்கம் ஒரு பிடி, இரண்டும் வேண்டும். ஐந்து வகை ராப்பையும் இந்த இரண்டு பிடியை வைத்துத்தான் அளந்திருக்கிறோம்.

சாதாக் காட்டன் ராப் 150 ரூபாயிலிருந்து 200க்குள் கிடைக்கிறது. துணி இழுபடாது. சுற்றியதும் கை கச்சிதமாக இருக்கும், ஆனால் அந்தக் கச்சிதம் நிலைப்பதில்லை. கை மூடித் திறக்கும்போது கூடவே விரிந்து சுருங்கும் குணம் இல்லாததால் ஒவ்வொரு சுற்றும் சிறிது சிறிதாக இடம் மாறுகிறது. மூன்று நிமிட ரவுண்டு இரண்டு முடிந்து வேர்வை ஊறியதும் மணிக்கட்டுச் சுற்று தொளதொளவென்று ஆகி, மூன்றாவது ரவுண்டில் உள்ளங்கைக்குள் திரண்டுவிடும். நீளமும் குறைச்சல். பெரியவர்கள் கைக்கு மணிக்கட்டு, முட்டி, விரல் இடுக்குப் பின்னல் மூன்றையும் முழுக்கப் போட நீளம் போதாது. அதற்காக இது வீண் பொருள் இல்லை. பத்துப் பன்னிரண்டு வயதுக் குழந்தைகளின் சின்னக் கைக்கு இந்த நீளம்தான் சரி. நாலரை மீட்டரை அந்தக் கையில் சுற்றினால் பந்துபோலாகி கிளவுஸுக்குள்ளேயே போகாது. பெரியவர்களும் நிழல் குத்து, ஸ்கிப்பிங், பேட் (மாஸ்டர் கையில் பிடித்துக் காட்டும் மெத்தை) அடிக்காமல் கால் வேலை மட்டும் பழகும் நாட்களில் இதை வைத்துக்கொள்ளலாம்.

செமி எலாஸ்டிக் ராப் காட்டனோடு லைக்ரா என்ற இழுபடும் இழை கலந்து நெய்தது. 'மெக்சிகன் ராப்' என்று கேட்டாலும் கடைக்காரர்கள் இதைத்தான் எடுத்துத் தருவார்கள். விலை 250லிருந்து 600 வரை, பேரைப் பொறுத்து. இந்தியாவில் விளையாட்டுப் பொருள் தயாராவது பெரும்பாலும் ஜலந்தரிலும் மீரட்டிலும். நம் கடைகளில் தொங்குவதில் பெரும்பங்கு அங்கிருந்து வருவதுதான். 300 ரூபாய் ராப்புக்கும் 600 ரூபாய் ராப்புக்கும் துணியில் வித்தியாசமே தெரியாத ஜோடிகள் நிறைய உண்டு, அட்டைப்பெட்டியில்தான் வித்தியாசம். அதனால் பேரைப் பார்க்காமல் பொருளைப் பார்ப்பது நல்லது. கடையிலேயே நின்று ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

முதலில் இழுவை. ராப்பில் 20 செ.மீ. அளவுக்கு இரண்டு விரலால் குறி பிடித்து மற்றவரை இழுக்கச் சொல்லுங்கள். 25லிருந்து 27 வரை நீண்டு, விட்டதும் கிட்டத்தட்ட 20க்கே திரும்பினால் நல்ல துணி. 30ஐத் தாண்டினால் அது ராப் அல்ல, ரப்பர்; சுற்றும்போது எவ்வளவு இழுத்தோம் என்ற கணக்குக் கையில் நிற்காமல் ஒரு கை இறுகி ஒரு கை தளரும். விட்ட பிறகும் 21, 22 என்று நீண்டே கிடந்தால் இரண்டு மாதத்தில் அது சாதாக் காட்டன் ஆகிவிடும்.

அடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது. ராப்பை இழுத்த நிலையிலேயே கடை வாசலில் வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடியுங்கள். நல்ல ராப்பில் நீளவாக்கில் இழைகள் வரிசை கலையாமல் ஓடும், இரண்டு ஓரமும் நெய்த கரையாகக் கெட்டியாக இருக்கும். மட்டமானதில் மேற்பரப்பில் குட்டிக் குட்டியாக வெள்ளை மயிர்போல நீட்டிக்கொண்டிருக்கும். லைக்ரா இழை அறுந்து வெளியே எட்டிப் பார்ப்பதுதான் அது. புதுப் பொருளிலேயே அப்படி இருந்தால் வேண்டவே வேண்டாம். ஓரம் நெய்த கரையாக இல்லாமல் வெட்டி ஓவர்லாக் அடித்திருந்தாலும் தள்ளிவிடலாம். அந்தத் தையல் மேடு விரல் இடுக்கில் உரசி மூன்றாம் நாள் தோலைக் கிழிக்கும்.

வெல்க்ரோவைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும், ராப் முதலில் சாவது அங்கேதான். தையல் சுற்றிலும் சதுரமாக ஓடி நடுவில் குறுக்காகவும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஓரத்தில் மட்டும் ஒற்றைத் தையல் என்றால் தினமும் பிய்த்துப் பிய்த்து எடுக்கும் இழுப்புக்கு அது தாங்காது. கொக்கிப் பக்கமும் மிருதுப் பக்கமும் ஒட்டும் நீளம் பத்து செ.மீ.க்குக் குறையாமல் இருந்தால் மணிக்கட்டுப் பருமனுக்கு ஏற்ப நகர்த்தி ஒட்ட இடம் இருக்கும். கட்டைவிரல் வளையத்தை இரண்டு விரலால் வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள், நூல் முறியும் சத்தம் கேட்கக்கூடாது.

நிறம் ஆசைப்பட்டுச் சிவப்பு, கறுப்பு எடுப்பவர்கள் சாயம் பார்த்து எடுக்கவும். வெள்ளைத் துணித் துண்டை நனைத்துப் பிழிந்து ராப்பின் மேல் பத்து முறை அழுத்தித் தேய்த்தால் போதும், திருப்பூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. துணியில் நிறம் ஏறினால் அது கிளவுஸின் உள் துணியிலும் நகக் கண்ணிலும் ஏறும்.

கிரேப் பேண்டேஜைப் பற்றிக் கேட்பவர்கள் நிறைய. எந்த ஊர் மெடிக்கலிலும் கிடைக்கும், விலை குறைவு, நீளமும் நாலு மீட்டர் இருக்கிறது, பிறகென்ன என்று தோன்றும். சுளுக்கிய காலுக்கு அது நல்ல பொருள், குத்துகிற கைக்கு அல்ல. சாதாரணமாகக் கிடைப்பது 8, 10 செ.மீ. அகலம். விரல் இடுக்கில் அதை நுழைத்தால் மடிந்து கயிறாகிவிடும். இழுவையும் அதிகம், சுற்றும்போது தெரியாத இறுக்கம் பத்து நிமிடத்தில் விரல் நுனி மரத்துப்போன பிறகுதான் தெரியும். எல்லாவற்றையும்விட, அதோடு வரும் உலோகக் கிளிப். அதைக் குத்திவிட்டு மேலே கிளவுஸ் மாட்டுவது எதிரில் நிற்பவருக்கும் ஆபத்து, மாட்டியவர் மணிக்கட்டுக்கும் ஆபத்து. இதை எந்தப் பயிற்சியாளரும் ஒருநாளும் அனுமதிக்கக்கூடாது.

ஜெல் இன்னர் கிளவுஸை ஒரு பத்தியில் முடித்துவிடலாம். சாக்ஸ்போல இழுத்து மாட்டினால் அரை நிமிடத்தில் தயார், ஆபீஸ் முடிந்து ஓடி வருகிறவர்களுக்கு வசதிதான். முட்டிக்கு மேல் மெத்தென்று இருக்கும். ஆனால் அது ஏற்கெனவே கிளவுஸ் செய்யும் வேலை. எலும்புகளைச் சேர்த்துக் கட்டும் பிடி அதில் இல்லை, மணிக்கட்டு வார் குட்டை. துவைக்கத் துவைக்க ஜெல் பட்டை ஒரு பக்கமாக நகர்ந்துகொள்ளும். உடற்பயிற்சிக்காக வாரம் இரண்டு நாள் பேக் அடிப்பவர்களுக்குச் சரி. போட்டியில் ராப்புக்குப் பதிலாக இதை ஏற்கமாட்டார்கள். பழக்கம் எல்லாம் இதிலேயே இருந்துவிட்டு மேடையன்று மட்டும் ராப் சுற்றினால் கை அந்நியமாக இருக்கும்.

திருப்பூர் ராப்புக்கு வருவோம். இத்தனை பனியன் கம்பெனி இருக்கும் ஊரில் இதைத் தைக்க முடியாதா என்ற கேள்வி நியாயமானது. முடியும், ஒரு தப்பைத் தவிர்த்தால். காதர்பேட்டையில் லைக்ரா பனியன் துணி மலிவாகக் கிடைக்கிறதே என்று அதைப் பட்டையாக வெட்டித் தைத்தவை சில கண்ணில் படுகின்றன. பின்னல் துணி அப்படித்தான், வெட்டிய ஓரம் தானாகச் சுருண்டுகொள்ளும். இழுத்துச் சுற்றியதும் 5 செ.மீ. பட்டை 3 செ.மீ. குழாய் ஆகிவிடும். குழாய் கையைக் கட்டாது, வெட்டும். ராப்புக்கு வேண்டியது நெய்த நாடா. இன்னர்வேருக்கு எலாஸ்டிக் சப்ளை செய்யும் கடைகளில் கேட்டால் கிடைக்கும். இடுப்பு எலாஸ்டிக் வேண்டாம், அது ரப்பர் அதிகம், தடிப்பும் அதிகம். மெல்லிய காட்டன் நாடா, லைக்ரா குறைவாகப் போட்டது, 5 செ.மீ. அகலம் என்று விளக்கிக் கேட்கவேண்டும்.

ஒரு ஜோடிக்கு ஒன்பது மீட்டர் நாடா, கூடச் சுருக்கத்துக்கு அரை மீட்டர். வெட்டுவதற்கு முன்பே நாடாவை ஒருமுறை தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்துவிடுங்கள், காட்டன் முதல் துவைப்பில் சுருங்கியே தீரும். தைத்த பிறகு சுருங்கினால் வெல்க்ரோ இருக்கும் இடம் அலையலையாக இழுத்துக்கொள்ளும். வெல்க்ரோ 5 செ.மீ. அகலத்துக்கே வாங்கிச் சதுரத் தையல், குறுக்குத் தையல், இரண்டு முனையிலும் பார்டேக் (நெருக்கமாகப் போடும் கெட்டித் தையல்). கட்டைவிரல் வளையத்துக்கு நாடாவின் முனையையே மடித்துத் தைக்காமல் 1.5 செ.மீ. டுவில் நாடாவில் தனியாக வளையம் போட்டால் தடிப்பு வராது. வளையம் கட்டைவிரலைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கட்டும். பனியன் கம்பெனியில் மெஷின் தைக்கும் பவர் டேபிள் டெய்லருக்கு அரைமணி வேலை. ஒழுங்காகத் தைத்தது பெட்டியில் வரும் 500 ரூபாய் ராப்புக்கு எதிலும் குறையவில்லை. வெல்க்ரோ தையலில் அதைவிடக் கெட்டி என்றே சொல்லவேண்டும். ஒரு கிளப்புக்கு இருபது ஜோடி என்று சேர்த்துச் செய்தால்தான் கட்டுப்படியாகும். ஒரே ஒரு ஜோடிக்கு அலைவதைவிடக் கடையில் வாங்கிவிடலாம்.

எந்த ராப்பானாலும் சுற்றத் தெரியாவிட்டால் பணம் தண்டம். நாலரை மீட்டருக்கான கணக்கு இது. கையை நீட்டி விரல்களை அகல விரித்துக்கொள்ளுங்கள். "கண்ணு, கையை விரிச்சே புடி, மூடாத" என்று மாஸ்டர்கள் ஓயாமல் சொல்வதற்குக் காரணம் உண்டு: கை மூடும்போது முட்டிகள் அகலும். மூடிய கையில் சுற்றினால் திறந்ததும் தளர்ந்துவிடும், விரித்த கையில் சுற்றினால் மூடும்போது தானாக இறுகும். வளையத்தைக் கட்டைவிரலில் மாட்டி, நாடாவைப் புறங்கை வழியாக மணிக்கட்டுக்குக் கொண்டுபோங்கள். உள்ளங்கை வழியாகப் போனால் கை மூடும்போது வளையம் அவிழப் பார்க்கும். மணிக்கட்டில் மூன்று சுற்று, ஒன்றின் மேல் ஒன்று முழுக்க ஏறாமல் பாதி பாதியாக ஏறி, மணிக்கட்டு மடிப்புக்கு மேலும் கீழும் மூடுகிற மாதிரி. அங்கிருந்து புறங்கையில் குறுக்காக ஏறி முட்டிகளின் மேல் மூன்று சுற்று.

அடுத்தது விரல் இடுக்கு. கட்டைவிரல் அடியிலிருந்து புறங்கை வழியாகச் சுண்டுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவே நுழைத்து, உள்ளங்கை வழியாகக் கட்டைவிரல் அடிக்கே திரும்பவேண்டும். அதேபோல் மோதிர விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே, பிறகு நடுவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே. புறங்கையில் மூன்று குறுக்கு வரிசை தெரியும். கட்டைவிரலை ஒருமுறை சுற்றி வந்து, திசையை மாற்றி எதிர்ப்பக்கமாக ஒரு பூட்டு. மறுபடி முட்டிகளின் மேல் இரண்டு சுற்று, மிச்சம் எல்லாம் மணிக்கட்டில், முடிவு வெல்க்ரோ. எவ்வளவு அவசரமானாலும் மணிக்கட்டுக் கணக்கைக் குறைக்காதீர்கள். நாடா போதவில்லை என்றால் முட்டிச் சுற்றில் ஒன்றைக் குறைக்கலாம்.

சரியாக வந்ததா என்று மூன்றே சோதனை. கையை விரித்தால் இறுக்கம் தெரியக்கூடாது, மூடினால் தெரியவேண்டும். ஒரு விரல் நகத்தை அழுத்தி விட்டால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் சிவக்கவேண்டும். தாமதமானாலோ விரல் நுனி ஊசி குத்துகிறமாதிரி இருந்தாலோ முழுக்கப் பிரித்துத் திரும்பச் சுற்றுங்கள், "ரெண்டு ரவுண்டு போனா லூஸாயிரும்" என்று விட்டுவிடாதீர்கள். மூன்றாவது, மூடிய கையின் உள்ளங்கைப் பக்கம் விரல் நுனிகள் உள்ளங்கையைத் தொடுகின்றனவா என்று பார்ப்பது. தொடவில்லை என்றால் உள்ளே துணி திரண்டிருக்கிறது. அப்படிப்பட்ட கை குத்தும்போது பாதி திறந்தே இருக்கும், கட்டைவிரல் சுளுக்குவதும் அப்போதுதான். புதுக் கிளவுஸ் வாங்கப் போகும்போதும் ராப்பைச் சுற்றிக்கொண்டே மாட்டிப் பாருங்கள். வெறுங்கைக்குப் பொருந்திய கிளவுஸ் ராப்போடு பொருந்தாது.

போட்டி என்று வரும்போது ராப்பின் மதிப்பு இன்னொரு மடங்கு கூடுகிறது. பயிற்சியில் 14, 16 அவுன்ஸ் கிளவுஸ் போட்டுப் பழகியிருப்போம். 16 அவுன்ஸ் என்றால் ஒரு கிளவுஸ் 454 கிராம். மேடையில் பெண்களுக்கும், ஆண்களில் எடை குறைந்த பிரிவுகளுக்கும் 10 அவுன்ஸ், அதாவது 283 கிராம். ஆண்களின் மேல் எடைப் பிரிவுகளுக்கு 12 அவுன்ஸ், 340 கிராம். மெத்தை அந்த அளவுக்கு மெலிந்துபோகிறது. அந்தக் கிளவுஸும் பெரும்பாலும் போட்டி நடத்துபவர்கள் தருவது, காலையிலிருந்து எத்தனையோ கை நுழைந்து வேர்வை ஊறியது. போதாததற்கு, சீனியர் ஆண்கள் பிரிவில் அப்போதைய சர்வதேச குத்துச்சண்டை அமைப்பு 2013இல் ஹெட்கார்டை எடுத்துவிட்டது. 1984 லாஸ் ஏஞ்சலஸ் முதல் ஒலிம்பிக் மேடையில் இருந்த அது, 2016 ரியோவில் ஆண்கள் தலையில் இல்லை. எதிரில் வரும் நெற்றி வெறும் எலும்பு. அதில் பட்டால் அடிபடுவது குத்தியவர் கையும்தான். மூன்று ரவுண்டு, ஒன்பது நிமிடம், அங்கே உங்களுடையது என்று கையில் இருப்பது ராப் மட்டும்.

விதியில் உள்ள அளவையும் தெரிந்துகொள்ளுங்கள். அமெச்சூர் குத்துச்சண்டை விதிப்புத்தகங்களில் வெகுகாலமாக இருந்துவந்தது: நீளம் 2.5 மீட்டருக்குக் குறையாமல் 4.5 மீட்டருக்கு மிகாமல், அகலம் 5.7 செ.மீ. மேலே சொன்ன 5 செ.மீ. நாடா ராப் பயிற்சிக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். கடையில் '180 அங்குலம்' என்று அச்சிட்டு வருவதைக் கணக்குப் போட்டால் 4.57 மீட்டர் வருகிறது. ஏழு செ.மீ. கூடுதல். இரண்டு மூன்று துவைப்பில் காட்டன் அதைவிட அதிகமாகவே சுருங்கிவிடும் என்பதால் பழகிய ராப்பில் சிக்கல் வருவதில்லை. பெட்டி பிரித்த புதுசை மேடைக்குக் கொண்டுபோகாமல் இருக்க இதுவும் ஒரு காரணம். முட்டியின் மேல் பிளாஸ்டர் ஒட்டுவது, ஸ்பாஞ்சு வைப்பது, ராப்பை ஈரம் பண்ணுவது எதுவும் கூடாது. கிளவுஸ் மாட்டும் முன் கை பார்ப்பார்கள். பிரிக்கச் சொன்னால் திரும்பச் சுற்ற ஒரு கைக்கு மூன்று நிமிடம் வேண்டும், அந்த மூன்று நிமிடத்தை வைத்துக்கொண்டு முன்னதாகவே போய் நில்லுங்கள். கூடவே ஒன்று: சிவப்பு நிற மவுத்கார்டு வாங்கிவிடாதீர்கள், ரத்தம் வருவது தெரியாமல் போகும் என்பதால் சிவப்பு கலந்ததைக்கூட ஏற்பதில்லை.

கிக் பாக்ஸிங் ஆடுபவர்களுக்கும் மேலே சொன்னது அத்தனையும் பொருந்தும். குத்து, உதை, மல்லுக்கட்டு எல்லாம் கலந்த எம்எம்ஏவின் கிளவுஸ் வேறு: விரல் திறந்தது, உள்ளே இடம் குறைவு. அதற்குள் நாலரை மீட்டர் நுழையாது, மூன்று மீட்டரே தாராளம்.

இனித் துவைப்பது. நம் பக்கத்து ராப்கள் வேர்வையால் கெடுவதைவிடத் தண்ணீரால் கெடுவதுதான் அதிகம். சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டில் துவைத்த ராப் ஆறு மாதம் கழித்தும் மிருதுவாக இருக்கும். போர்வெல்லில் வரும் உப்பான சப்பைத் தண்ணீரில் துவைத்தது இரண்டே மாதத்தில் அட்டைபோல விறைத்துவிடும். சோப்பும் தண்ணீரிலுள்ள உப்பும் சேர்ந்து இழைக்குள் படிந்துகொள்வதால் வரும் விறைப்பு அது. விறைத்த ராப் முட்டியின் வளைவோடு படியாது, சுற்றுக்குச் சுற்று இடைவெளி விடும். சப்பைத் தண்ணீர்தான் என்றால் சோப்பைக் குறையுங்கள், ஒரு ஜோடிக்கு அரை டீஸ்பூன் திரவ சோப்பு போதும். கடைசி அலசலை மட்டும் நல்ல தண்ணீரில் செய்யுங்கள். ஏற்கெனவே விறைத்துப்போனதை அரை பக்கெட் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி வெள்ளை வினிகர் கலந்து அரைமணி ஊறவைத்து அலசினால் பாதிக்கு மேல் மீளும்.

பிளீச்சிங் படவே கூடாது, குளோரின் லைக்ராவை அறுத்துவிடும். சுடுதண்ணீரும் வேண்டாம். மெஷினில் போடுவதானால் வெல்க்ரோவை முதலில் ஒட்டிவிட்டு, நெட் பையில் போட்டு ஜிப்பை மூடுங்கள். இல்லாவிட்டால் ஒன்பது மீட்டர் நாடாவும் வீட்டிலுள்ள எல்லாச் சட்டைகளோடும் சடை பின்னிக்கொள்ளும், திறந்த வெல்க்ரோ மற்றத் துணியை எல்லாம் பிராண்டிவிடும். வெல்க்ரோவில் பஞ்சு அடைத்துப் பிடிப்புக் குறைந்தால் பழைய டூத்பிரஷ் அல்லது குண்டூசியால் வரிசை வரிசையாகக் கிளறி எடுத்துவிடலாம், தூக்கிப் போடவேண்டியதில்லை.

காயவைப்பதற்குக் காற்றுதான் முக்கியம், வெயில் அல்ல. சித்திரை வெயிலில் கரூர், ஈரோடு மொட்டை மாடிக் கம்பியில் நாள் முழுக்கக் கிடந்தால் லைக்ரா செத்துவிடும். நிழலில், நடுவில் மடித்துத் தொங்கவிட்டால் போதும். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது கோவை, பொள்ளாச்சிப் பக்கம் இரவு தொங்கவிட்டது காலையில் காய்ந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு நாள் ஆனாலும் உள்மடிப்பில் ஈரம் நிற்கும். இரண்டு ஜோடி கேட்டது அதற்குத்தான். ஈர ராப்பைச் சுற்றினால் தோல் ஊறி முட்டியில் கிழியும், விரல் இடுக்கில் படையும் சேற்றுப்புண்ணும் வரும், அந்த ஈரம் கிளவுஸுக்குள் ஏறி அதையும் நாற வைக்கும். கிளாஸ் முடிந்ததும் ராப்பைச் சுருட்டிப் பைக்குள் திணித்துப் போகிறவர்கள் இதையெல்லாம் ஒரே வாரத்தில் பார்த்துவிடுவார்கள். துவைக்க நேரமில்லாத நாளிலும் பிரித்துத் தொங்கவிடும் அளவுக்காவது நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

காய்ந்ததைச் சுருட்டும்போது வெல்க்ரோ முனையில் ஆரம்பிக்கவேண்டும், வளையம் வெளியே வந்து முடியவேண்டும். கொக்கிப் பக்கம் உள்முகமாக இருக்கட்டும். தலைகீழாகச் சுருட்டினால் அடுத்த நாள் முழுக் கையும் சுற்றி முடித்த பிறகுதான் வெல்க்ரோ தப்புப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பது தெரியவரும். தொடைமேல் வைத்து உருட்டினால் சுருள் இறுக்கமாக வரும். இறுக்கமான சுருளில் இருந்து சுற்றும்போதுதான் இழுப்பு இரண்டு கையிலும் ஒரே அளவில் நிற்கும்.

வாரம் நாலு நாள் பயிற்சி என்றால் ஒரு ஜோடி செமி எலாஸ்டிக் எட்டிலிருந்து பத்து மாதம் உழைக்கும். முதலில் சொன்ன 20 செ.மீ. சோதனையை மாதம் ஒருமுறை செய்துபாருங்கள். இழுத்து விட்டது 22க்குக் குறையாமல் நின்றுவிட்டால் ஸ்பாரிங்குக்கு அதை எடுக்காதீர்கள், பேக் அடிக்கும் நாளுக்கு ஒதுக்குங்கள். வெள்ளை இழைகள் கொத்துக் கொத்தாக வெளியே வந்துவிட்டால் அதற்கும் வேண்டாம். அந்த நிலைக்கு வந்த ராப்பை வெல்க்ரோவையும் வளையத்தையும் வெட்டி எறிந்துவிட்டு, ஒரு சாண் துண்டுகளாக நறுக்கி, பனியன் வேஸ்ட் நிரப்பிய பஞ்சிங் பேக்குக்குள்ளேயே போட்டுவிடலாம். வெல்க்ரோவோடு போட்டால் அது துணியைத் திரட்டிக் கட்டியாக்கிக்கொள்ளும், பேக்கின் அந்த இடத்தில் குத்துபவர்கள் கைக்கு அது கல்லாகத் தெரியும்.